காலை ஊன்றாமல் மெயின் ரோடு வரை

எங்கள் ஊருக்குள் பஸ் வந்துகொண்டிருந்தால் என் இடது காலில் நாலு விரல்களாவது மிஞ்சியிருக்கும். இதைக் கோபத்தில் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். கோபத்தில்தான் சொல்கிறேன். ஆனால் யோசித்துவிட்டும் சொல்கிறேன். யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. ஆடி, ஆவணி, புரட்டாசி என்று காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தவன் வேறு என்ன செய்வான்?

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டும் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம். பக்கத்து இலைக்கு வரும்போது என் இலையையும் பார்க்காமலா போவார்கள் என்று காத்திருப்பேன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ஆஸ்பத்திரி வார்டில் என்னோடு கிடந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்க்காரர்கள் என்பதுதான். அவர்களும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வெம்பக்கோட்டைப் பக்கம், தாயில்பட்டி போகிற ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். ஊர் முகப்பில் நிழற்குடை இருக்கிறது. பச்சைப் பெயிண்ட், சிமெண்ட் பெஞ்சு, ஊர்ப் பெயர் எழுதிய பலகை எல்லாம் இருக்கிறது. பஸ் மட்டும்தான் இல்லை. முன்பு வந்தது. காலை பதினொரு மணிக்கு ஒரு நடை, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு நடை. எங்கள் ஊரில் கை கால் நன்றாக இருக்கிற எல்லாரும் காலை ஆறரைக்கே பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுவோம். ஆள் கூட்டிப்போகக் கம்பெனிகளே வேன் அனுப்பும். திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். பதினொரு மணிக்கு எங்கள் தெருவில் கோழிகள் இருக்கும். கோழி பஸ் ஏறுமா? பஸ் காலியாக வந்து காலியாகப் போனது. பிறகு அதிகாரிகள் ஒருநாள் வந்தார்களாம், அதுவும் பதினொரு மணிக்கு. பூட்டிய வீடுகளைப் பார்த்தார்கள். “இந்த ஊர்ல ஜனமே இல்ல, கலெக்‌ஷனும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பஸ் நின்றது.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று வந்தபோது என் மனைவி முத்துமாரி கேட்டாள், “டிக்கெட்டத்தான் வேண்டாம்னாக. எங்களுக்குப் பஸ்ஸையும் சேத்தா வேண்டாம்னுட்டாக?”

இனி கால் விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பெனியில் எனக்கு வெடி காயப்போடுகிற வேலை. ரூமில் மருந்து அடைத்து வருவதைத் தட்டில் வாங்கி, வெளியே சிமெண்ட் மேடையில் பரப்பி, காய்ந்ததும் எடுத்து அடுக்க வேண்டும். மருந்து புழங்கும் இடத்தில் யாரும் செருப்புப் போடக் கூடாது. செருப்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும். சின்ன வயதிலிருந்தே இப்படிப் பழகியதால், செருப்புக் காலோடு யாராவது உள்ளே வந்தால் தட்டை இறக்கி வைத்துவிட்டு விலகி நிற்பேன். நாங்கள் வெறுங்காலை ஒரு பாதுகாப்பாகவே நினைத்து வளர்ந்தவர்கள்.

வைகாசி மாதத்து மத்தியான வெயிலில் அந்த மேடை தோசைக்கல். கூட வேலை செய்கிறவர்கள் தத்தித் தத்தி ஓடுவார்கள். இரண்டு வருடமாக நான் மட்டும் நிதானமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்குச் சூடு தெரியவில்லை. உழைத்து உழைத்துப் பாதம் காய்த்துவிட்டது என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். போர்மேன் மற்றவர்களிடம் என்னைக் காட்டி, “ஏலே, பாண்டியப் பாத்துப் படிங்கலே. காலுன்னா அது காலு. ஒங்களுது என்ன, வாழைத்தண்டா?” என்பார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அவசர லோடு என்றால் மேடைக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். நானும் போவேன்.

இந்த வைகாசியில் ஒருநாள் அப்படித்தான் மேடையில் நின்றேன். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது முத்துமாரிதான் பார்த்தாள். “என்னங்க இது, அடியில அப்பளம் பொரிச்ச மாதிரி இருக்கு?” இடது பாதத்தில் விரல்களுக்குக் கீழே தோல் அப்படியே பொங்கி நின்றது. எனக்கு வலியே இல்லை. வலி இல்லாததால் பயமும் இல்லை. கொப்புளத்தை உடைத்து மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனேன். ஒரு வாரம் கழித்து வேனில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். என்ன நாற்றம் என்று நானும் சேர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். என் கால்தான் அது.

முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே கொடுத்த பில்லை முத்துமாரி ஒரு தடவை நேராகப் பார்த்தாள், பிறகு தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். “எப்படிப் பாத்தாலும் கொறைய மாட்டேங்குது” என்றாள். அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஆள் சேர்த்துவிடுகிற ஏஜெண்ட் மூலம் வேலைக்குப் போகிற எனக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு எதுவும் கிடையாது.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். பட்டாசுக் கம்பெனி என்றேன். உடனே அந்த இடம் பரபரப்பானது. ஒரு சின்ன டாக்டர் ஓடி வந்தார். “எங்க வெடிச்சது? எத்தன பேரு?”

“வெடிக்கல சார்.”

“பின்ன தீக்காயம் எப்படி?”

“வெயிலு சார்.”

அவர் என்னை நம்பவில்லை. கம்பெனி மிரட்டி அனுப்பியிருக்கிறது, நான் மறைக்கிறேன் என்று நினைத்தார். அரை மணி நேரம் நான் “வெயிலு சார், வெயிலு சார்” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முத்துமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. “சூரியனக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்லச் சொல்லணுமா சார்?” என்று கேட்டாள். அதன் பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரியும். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. நேற்றுச் சாப்பிடாமல் வந்து அதை ஏமாற்ற முடியாது. அதுவும் மோசம்.

பெரிய டாக்டர் ஒரு சோதனை செய்தார். கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஒரு மெல்லிய இழையால் பாதத்தில் அங்கங்கே தொடுவார். “இப்ப தெரியுதா?” என்று கேட்பார். பெரிய மனிதர் குனிந்து என் காலைத் தொட்டுக் கேட்கும்போது தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? “தெரியுது சார்” என்றேன். “இப்ப?” “தெரியுது சார்.” “இப்ப?” “நல்லாத் தெரியுது சார்.” கண்ணைத் திறந்தால் அவர் நிமிர்ந்து நின்று கையைக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசி மூன்று தடவையும் அவர் தொடவே இல்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் பாதத்தின் உணர்வு நரம்புகள் செத்துப்போகும். சூடு, முள், கல், எதுவும் தெரியாது. வலி என்பது காவல்காரன். காவல்காரன் செத்துவிட்டதைத்தான் நாங்கள் எல்லாரும் கூடிக் கால் பலம் என்று மெச்சிக்கொண்டிருந்தோம். கம்பெனிகளில் வெறுங்காலோடு நிற்கும் எத்தனை பேருக்குச் சூடு தெரியாமல் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சூடு தெரியாதவனை மேடைக்கு அனுப்பத்தான் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு ஒரு சின்னக் கருவியைக் கணுக்காலில் வைத்து ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. “ரத்தம் வருது, தப்பிச்சீங்க” என்றார் டாக்டர். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதில் என்ன கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்ப்பார்களாம். செத்த சதையை வெட்டி எடுத்து, கட்டைவிரலுக்கு அடுத்த விரலையும் எடுத்தார்கள். எலும்பு வரை போய்விட்டதாம். முத்துமாரி அழுதாள். மச்சினன் பிரசாதத் திருநீறு கொண்டுவந்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஒன்றுவிட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்ற வேண்டும். இரண்டு, புண் ஆறும் வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. “மருந்து பாதி, ஊனாம இருக்கறது பாதி. ஊனுனா, அடுத்து விரலு இல்ல, பாதம்” என்று கையால் கணுக்காலை அறுப்பது போலக் காட்டினார்.

இந்த இரண்டு விஷயத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வரவும் வேண்டும், ஊன்றவும் கூடாது. என் வீட்டுக்கும் முதல் பஸ்ஸுக்கும் நடுவில் நாலு கிலோமீட்டர் கிடக்கிறது.

முதல் தடவை மச்சினன் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டான். அவனுக்கு ஒருநாள் சம்பளம் போனது. அடுத்த தடவையும் வந்தான். மூன்றாம் தடவை அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேற ஆளு இருக்கு, நீ போ” என்று பொய் சொல்லிவிட்டேன். ஊரில் வண்டி வைத்திருக்கும் எல்லாருமே விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள். ஆட்டோவைச் சிவகாசியிலிருந்து வரவழைத்தால் போக வர அவன் கேட்பது முத்துமாரியின் நாலு நாள் உழைப்பு. உயிர் போகிற அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் உண்டு. கட்டு மாற்றுவது உயிர் போகிற அவசரமில்லை.

கம்பெனி வேன் இருக்கிறதே என்பீர்கள். தினமும் என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். இரண்டு தடவை டிரைவர் கணேசன் ஏற்றிக்கொண்டான். மூன்றாம் தடவை முன்சீட்டில் ஏஜெண்ட் இருந்தார். “வேலைக்கு வர்ற ஆளுக்குத்தான் வண்டி. வராத ஆள ஏத்தி ஏதாச்சும் ஒண்ணுன்னா கம்பெனி என்னையத்தான் கேக்கும்” என்றார். பதினெட்டு வருடம் நான் ஏறி இறங்கிய வண்டி. சரி என்று தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். வேலைக்குப் போக ஏறியிருந்த முத்துமாரி பின்சீட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டாள். சத்தம் போட்டாள், வண்டி போய்விட்டது.

அன்று நடந்தேன். கட்டுக்குமேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி, கம்பு ஊன்றி, குதிங்காலால் நடந்தேன். வலி கிடையாது, அதனால் நடக்க முடிந்தது. வலித்திருந்தால் நடுவழியில் உட்கார்ந்து அழுதிருப்பேன், கால் தப்பியிருக்கும். அதன் பிறகு கட்டு மாற்றும் நாளெல்லாம் நடந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் பையை அவிழ்த்து எறிந்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

ஒரு மாதத்தில் அடுத்த விரல் கறுத்தது. டாக்டர் கட்டின் முன்பக்கத்தை விலக்கிப் பார்த்ததும் கத்தினார். பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். “நடக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? ஒங்களுக்கெல்லாம் எத்தன தடவ சொன்னாலும் ஏறாது. இது ஒங்க காலா, என் காலா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் அவர்களும் ஒன்றைக் கேட்டிருக்கலாம். எத்தனை கேள்வி கேட்டார்கள்! சிகரெட் உண்டா, குடி உண்டா, அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, காலையில் என்ன சாப்பிட்டாய், இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறாய். எப்படி வந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் ஆஸ்பத்திரி வாசலில்தான் முளைக்கிறான் போல.

இரண்டாவது விரலும் போனது. மறுபடியும் வார்டில் படுத்தேன். அந்த வார்டில் கட்டு மாற்றுவது ஸ்டெல்லா சிஸ்டர். சாத்தூர்ப் பக்கத்துக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை, வாயில் எப்போதும் ஒரு திட்டு. விரலை எடுக்கும் முன், நான் உள்ளே வந்த அன்று பழைய கட்டைக் கத்தரித்தவர் அதைக் குப்பையில் போடாமல் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நடந்த வழியில் பை ஓட்டையாகியிருந்ததால், குதிங்கால் பக்கம் துணியில் கரிசல் மண் அப்பிக் காய்ந்திருந்தது. அதில் நாலைந்து நெருஞ்சி முள்.

“யோவ் அண்ணே, இது என்ன, காட்டுக்கு உழவுக்குப் போனீகளா?”

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

“ஒங்களத்தான். எங்கன நடந்தீக?”

“மெயின் ரோடு வரைக்கும், சிஸ்டர்.”

“எம்புட்டுத் தூரம்?”

சொன்னேன். அவர் கத்தரியைத் தட்டில் வைத்தார். “இந்தக் காலோடயா? எதுக்கு?”

“கட்டு மாத்த.”

உடனே சிஸ்டர் கூடத்துக்குப் போய் டாக்டரை இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். டாக்டர் நல்லவர்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போனை எடுத்து எங்கள் ஊரைத் தேடினார். “பஸ் ஸ்டாப்புன்னு போட்டிருக்கே?” என்று என்னிடம் காட்டினார். எங்கள் நிழற்குடைதான். அதில் ஒரு பஸ் படம்கூட இருந்தது.

“ஸ்டாப்பு இருக்கு சார்” என்றேன். “பஸ்ஸு ஸ்டாப்பு ஆயிருச்சு.”

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எனக்கு வாயில் வந்தது அதுதான். சிஸ்டர் மட்டும் சிரித்தார். டாக்டர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, “அப்ப புண்ணு மூடற வரைக்கும் இவர அனுப்பாதீங்க” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

இப்படித்தான் நான் அந்தக் கட்டிலில் தங்கினேன். எனக்கு அங்கே செய்ய வேண்டிய வைத்தியம் ஒன்றுவிட்டு ஒருநாள், அரை மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் நான் ஒரு பஸ்ஸுக்குப் பதிலாகப் படுத்திருந்தேன். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு ஆலங்குளத்துக்காரர் ஒருவர் கிடந்தார். சிமெண்ட் லாரியில் வேலை, அவருக்கும் காலில் புண். என் கட்டில் காலியானால் அவருக்குத்தான் கிடைக்கும். ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து உட்கார்ந்து, என் காலைப் பார்த்துவிட்டுக் கேட்பார், “என்ன அண்ணாச்சி, இந்தக் கட்டிலுக்குப் பட்டா வாங்கிட்டீகளா?” சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அவர் தோளில் தரையின் ஈரம் பட்ட தடம் இருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எங்கள் ஊருக்கு வராத பஸ்ஸை ஆலங்குளத்துக்காரர் எதற்கு முதுகில் சுமக்க வேண்டும்? இதை யாரிடம் கேட்பது?

முத்துமாரி கேட்கப் போனாள். தீபாவளி சீசன் நேரத்தில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, பஸ் விடுகிற அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்தாள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். “அம்மா, உங்க ஊர்ல ஏற ஆளு இல்ல. ஆளு இருந்தா விடுவோம்.”

“நாங்கெல்லாம் யாரு சார், ஆவியா?”

“நாங்க வந்து பாத்தப்ப யாரும் ஏறலயேம்மா.”

“நீங்க வந்தப்ப நாங்க கம்பெனியில வெடி சுத்திக்கிட்டு இருந்தோம். ஒங்க வீட்டுப் புள்ளைக தீவாளிக்குப் போடுறதுக்கு.”

அதற்கு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வந்து இதைச் சொன்னபோது முத்துமாரியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. ஆலங்குளத்துக்காரர் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார்.

அவள் வாரத்தில் இரண்டு நாள்தான் வர முடியும். சாயங்காலம் மெயின் ரோட்டிலேயே வேனை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பஸ் பிடித்து வருவாள். கையெல்லாம் பட்டாசின் வெள்ளி மருந்து மினுங்கும். சோளச்சோறும் கீரையும் தூக்குச்சட்டியில் இருக்கும். “சர்க்கரைக்கு நல்லது” என்பாள். தான் சாப்பிட்டாளா என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். அவள் வராத நாளில் ஆலங்குளத்துக்காரரின் மகள் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைப்பாள். அவர்கள் கட்டிலில் படுத்திருப்பவன் நான், எனக்குத் தண்ணீர் வைப்பது அவர்கள்.

புண்ணில் சிவப்பாகப் புதுச் சதை ஏறியது. மாதுளை முத்துப் போல இருந்தால் நல்ல சதை என்று சிஸ்டர் காட்டிக் கொடுத்தார். புரட்டாசிக் கடைசியில் காய்ச்சல்காரர்கள் கூட்டம் வந்தது. வராந்தாவில்கூட இடமில்லை. டாக்டர் வந்து நின்று தயங்கினார். “இன்னும் கொஞ்சம்தான் மூடணும். ஊனாமப் பாத்துக்கிட்டா மூடிரும். வீட்டுக்குப் போங்க. கட்டு மாத்த மட்டும் வந்துருங்க” என்றார். சொல்லும்போதே அவருக்குத் தான் சொல்வது என்னவென்று தெரிந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆலங்குளத்துக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் இறங்கிக்கொண்டேன்.

சிஸ்டர் என்னைச் சக்கர நாற்காலியில் வாசல் வரை தள்ளி வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மெயின் ரோட்டில் எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கினேன். அங்கே ஒரு டீக்கடை. முத்துமாரிக்குச் சொல்ல வழியில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாங்கி வைத்துவிட்டு வேலை முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள். ஐந்தரைக்கு மேல் போனைக் கையில் வாங்கியதும், நான் கூப்பிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள். “அங்கனயே இருங்க. ஒரு எட்டு எடுத்து வச்சீக, அம்புட்டுத்தான்” என்றாள்.

வேன் வந்தது. முன்சீட்டில் ஏஜெண்ட். பின்னால் பெண்கள் கூட்டம், நெருக்கியடித்து. முத்துமாரி கதவைத் தட்டி நிறுத்தினாள்.

ஏஜெண்ட் என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார். “முத்துமாரி, அன்னைக்கே சொன்னேன்ல? வேலைக்கு வராத ஆளு ஏறக் கூடாது. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்.”

உள்ளேயிருந்து அன்னத்தாய் மதினியின் குரல் வந்தது. எங்கள் தெருதான், சரவெடி பின்னுவதில் கெட்டிக்காரி. “எந்த ரூல்ஸு அண்ணாச்சி? ஒருத்தி மடியில ஒருத்திய ஒக்கார வச்சிக் கொண்டாறீகளே, அந்த ரூல்ஸா?”

“மதினி, நீங்க சும்மா இருங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா...”

“என்னத்த ஆகும்? பாண்டியண்ணனுக்குக் காலு போகும். அது ஒங்களுக்கு ஆகாது, எங்களுக்கு ஆகும்.” மதினி கீழே குதித்தார். தூக்குச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். “ஏட்டி, எல்லாரும் எறங்குங்க. வேலைக்கு வந்த ஆளு எறங்கிட்டா எடம் இருக்கும்ல? வண்டியில அவுக போகட்டும். நாம நடப்போம்.”

விடிந்ததிலிருந்து குனிந்து உட்கார்ந்து வேலை பார்த்த பெண்கள். ஒருத்தி மாசமாக இருந்தாள். எல்லாரும் இறங்கினார்கள். யாரும் முனகக்கூட இல்லை. அதில் நாலு பேரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“நாளைக்கு லோடு இருக்கு, தெரியும்ல?” என்றார் ஏஜெண்ட். குரல் இறங்கிவிட்டது.

“நாளைக்கு நாங்க பச்ச வேனுல ஏறிக்கிறோம். அந்தக் கம்பெனிக்காரன் தெனமும் வந்து கெஞ்சுறான்.”

கணேசன் என்னைத் தூக்கி வேனுக்குள் உட்கார வைத்தான். பெண்கள் முன்னால் நடந்தார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஆள் போனால் ஏஜெண்டுக்கு எதுவும் மிஞ்சாது. வேன் அவர்களுக்குப் பின்னால் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தது. நான் அத்தனை சீட்டுக்கு நடுவில் ஒற்றையாளாக உட்கார்ந்திருந்தேன். கூச்சம் பிடுங்கித் தின்றது. மாசமான பெண் நடக்கிறாள், நான் வண்டியில் போகிறேன். என்னால் தாங்க முடியவில்லை. நல்ல காலைக் கீழே வைத்துக் கதவைத் திறந்தேன்.

முத்துமாரி திரும்பிப் பார்த்துவிட்டாள். “எறங்குனீகன்னு வைங்க, மிச்சக் காலை நானே வெட்டிப்புடுவேன்!”

எல்லாரும் சிரித்தார்கள். கணேசனும் சிரித்தான். ஓடைப் பாலத்துக்கிட்டே ஏஜெண்ட் தலையை வெளியே நீட்டி, “சரி தாயீ, ஏறுங்க” என்றார்.

“இன்னைக்கு மட்டுமா, கட்டு மாத்துற நாளெல்லாமா?” மதினி நடையை நிறுத்தவில்லை.

“எல்லா நாளும்தான், ஏறுங்க!”

அதன் பிறகுதான் நின்றார்கள்.

அந்த வேனில்தான் நான் கட்டு மாற்றப் போனேன். ஐப்பசி நடுவில் புண் மூடியது. பாதம் தப்பியது. டாக்டர் பஞ்சு வைத்த செருப்பு ஒன்று கொடுத்து, இனி நடக்கலாம் என்றார்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகள் கதவடைத்தன. வேன்கள் வருவதில்லை. இனிப் புது ஆர்டர் வரும் வரை எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் எதுவும் ஓடாது. என் புண் கொஞ்சம் பிந்தி மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைப்பதில்லை. எனக்காக நடந்தாளே, அந்த மாசமான பெண், அவளுக்கு இந்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். நேற்று அவள் மாமியார் வந்து, “ஆஸ்பத்திரியில ஒங்களுக்குத் தெரிஞ்ச சிஸ்டரு இருக்காகளாமே, முன்கூட்டியே கொண்டுபோய்ப் போட்டுறலாமா?” என்று கேட்டார். ஒரு கட்டில் அங்கே காலியாக இருக்கும் என்று நினைக்கிறார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். இந்தத் தடவை முத்துமாரி போக வேண்டாம், நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. “அங்க போய் என்ன சொல்லுவீக?” என்றாள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதை இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐயா, சீசன் வரட்டும், காலையில் ஆறரை மணிக்கு வந்து எங்களை எண்ணுங்கள். அதுவரைக்கும் எங்களை இருக்கிறதாக வைத்துக்கொண்டு பஸ் விடுங்கள்.

மனுவை மச்சினன் மகள் எழுதிக் கொடுத்துவிட்டாள். செருப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். மெயின் ரோடு வரை நடந்துதான் போக வேண்டும்.